கோணல் மனையும் நடுவில் ஒரு வாசலும்

கோவை பெரிய கடைவீதியிலிருந்து பிரிகிற சந்துகளில் ஒன்றில் இருக்கிறது அந்த மனை. கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நாலு எல்லை விவரம், இப்படி எழுதியிருக்கிறது: கிழமேலடி வடபுறம் 84, தென்புறம் 79, தென்வடலடி கீழ்புறம் 21, மேல்புறம் 34. நாலு பக்கத்துக்கு நாலு அளவு. டவுன் சர்வே வரைபடம் வேறு கணக்குச் சொன்னது. டேப் பிடித்து மூலைக்கு மூலை குறுக்களவு எடுத்துப் பார்த்தால், வடக்குச் சுவர் நேர்கோடே இல்லை. தெருவிலிருந்து நாற்பதடி உள்ளே போனதும் ஒரு இடத்தில் முறிந்து வெளிப்பக்கமாக விலகுகிறது. அந்த முறிவு எந்தக் காகிதத்திலும் இல்லை. மொத்தம் ஐந்து சென்டுக்குக் கொஞ்சம் மேல், சுமார் 2,200 சதுரடி.

பழைய ஊர்களில் மனை இப்படிக் கோணிக்கொண்டு போவதற்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். தெருவே தேர் திரும்புவதற்காக வளைந்திருக்கும். பின்பக்கம் ஒரு காலத்தில் வாய்க்கால் போயிருக்கும். பெரும்பாலும் பாகப்பிரிவினைதான்: அண்ணனுக்கு முன்பக்கம், தம்பிக்குக் கிணறும் பொடக்காளி என்கிற புழக்கடையும், இரண்டுக்கும் நடுவில் நடந்துபோகும் உரிமையுள்ள ஒரு வழிநடைப் பாத்தியம். இரண்டு தலைமுறை கழித்து அந்தப் பாத்தியத்தையும் யாராவது வாங்கிச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள். இந்த மனையின் முறிவும் அப்படி வந்ததுதான் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். சரி, அதை நேராக்க வழியில்லை. அதோடுதான் வாழ வேண்டும்.

கட்டிடத்தை வடிவமைக்க வந்த என்னிடம் அந்தக் குடும்பம் கேட்டது இதுதான். தெருவைப் பார்த்து வாடகைக்கு ஒரு கடை. முதல் மாடியில் குடும்பத்தின் நகைப்பட்டறை. அதற்கு மேலே வீடு. கீழே கடை, மேலே குடி என்பது நம் ஊர்களுக்குப் புதிதில்லை. ஈரோடு ஈஸ்வரன் கோயில் வீதியிலும் திருப்பூர் காதர்பேட்டையிலும் இன்றும் அப்படித்தான் தொழிலும் குடித்தனமும் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன. ஆனால் இந்த வீதிகளில் கடந்த சில பத்தாண்டுகளில் எழுந்த கட்டிடங்களில் மாடியேறிப் பாருங்கள். எல்லை முதல் எல்லை வரை சிலாப் போட்டு, நடுவில் மூன்றடிக்கு மூன்றடியில் ஒரு குழாய்ச் சந்து விட்டு, அதைத்தான் காற்று வெளிச்சம் என்று வரைபடத்தில் எழுதியிருப்பார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கு டியூப்லைட் எரியும். கோணல் சுவர் ஓரமாக ஒவ்வொரு அறையும் ஒரு பக்கம் குறுகி, பீரோ வைத்தால் பின்னால் முக்கோணமாக ஒரு குப்பை மூலை. அந்த அறைகளில் மனிதர்கள் முப்பது நாற்பது வருடம் இருக்கப்போகிறார்கள் என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அது வருத்தமான விஷயம்.

இந்த மாதிரி மனையில் நான் அறைகளை வரைந்து தொடங்குவதில்லை. கட்டாமல் விடப்போகிற இடத்தை, எங்கள் ஊர்ப் பேச்சில் வாசல் என்கிற திறந்த முற்றத்தை, முதலில் வரைகிறேன். அது எங்கே, எவ்வளவு, எந்தத் திசை பார்த்து என்று முடிவான பிறகுதான் கடை, படி, சமையலறை எல்லாம். கோணலையெல்லாம் எங்கே தள்ளுவது என்பதற்கும் அந்த வெற்றிடம்தான் பதில் சொல்கிறது.

வீட்டுக்காரர் வரைபடத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி நியாயமானது. “ஏனுங்க இன்ஜினியர், சதுரடிக்கு வாடகை கொட்டற எடத்துல 12க்கு 16 ஓட்டை போடச் சொல்றீங்களே, கட்டுப்படியாகுமுங்களா?”

இதற்குக் கணக்கிலேயே பதில் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின்படி, உயரம் 18.30 மீட்டருக்குள் இருக்கும் சாதாரணக் கட்டிடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்குதான் கட்டலாம். நம் மனைக்கு 4,400 சதுரடி. எல்லை வரை அடைத்துக் கட்டினால் இரண்டு தளத்திலேயே அந்த 4,400 தீர்ந்துவிடும். நடுவில் ஒரு வாசல், முன்னே ஐந்தடி, பின்னே ஐந்தடி விட்டால் தரைத்தளம் 1,700 சொச்சம் ஆகும். முதல் மாடி 1,500, அதற்கு மேல் 1,150 என்று மேலே மேலே பின்வாங்கிக்கொண்டு போகலாம். கூட்டினால் 4,350க்கு மேல், ஏறக்குறைய அதே அளவு. வெற்றிடத்துக்காக மொத்தச் சதுரடியில் பெரிதாக எதுவும் குறையவில்லை. கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் கீழே இருக்கும் சதுரடியும் மேலே இருக்கும் சதுரடியும் ஒரே விலை கிடையாது. வீட்டுக்காரர் அதைத்தான் பிடித்துக்கொண்டார், அதிலும் நியாயம் உண்டு. அதனால் கடைக்காரர்கள் எப்படி இடத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று அதே வீதியில் நடந்து பார்த்தோம். முன்பக்கம் முப்பது முப்பத்தைந்து அடி வரைதான் வியாபாரம். அதற்குப் பின்னால் உள்ளது அட்டைப்பெட்டி அடுக்கும் குடோன், வாடகையும் குடோன் வாடகைதான். வாசலை நாற்பதடி ஆழத்தில் வைத்தால் முன்கடைக்கு எந்த நஷ்டமும் இல்லை. பின்பகுதிக்கு வாசலைப் பார்த்து இரண்டாவதாக ஒரு முகப்பு கிடைக்கிறது. தையல் யூனிட்டோ, கணக்காளர் அலுவலகமோ தனியாக வாடகைக்கு வரலாம். இருட்டுக் குடோனாக இருந்திருக்க வேண்டிய இடம் பகல் வெளிச்சம் உள்ள இடமாகிறது. இதைச் சொன்ன பிறகுதான் அவர் பென்சிலைக் கையில் வாங்கி, வாசலை அரையடி இப்படி, ஓரடி அப்படி என்று நகர்த்த ஆரம்பித்தார். அவர் அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. “வாசல் இல்லாத வீட்டுல எப்படிக் கண்ணு இருக்கறது? மழை வந்தாக்கூடத் தெரியாது” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தொட்டிக்கட்டு வீட்டில் பிறந்து வளர்ந்தவர் அவர்.

தொட்டிக்கட்டு வீட்டை அப்படியே கொண்டுவந்து இங்கே வைக்க முடியாது. அதில் வாசல் நட்டநடுவில் இருக்கும், நாலு பக்கமும் ஆசாரம் என்கிற தாழ்வாரக் கூடம் சுற்றி வரும். இந்த மனையில் அந்த ஆழத்தில் அகலம் 28 அடி. நடுவில் 12 அடி விட்டால் இருபுறமும் எட்டெட்டு அடி மிஞ்சும். சுவர் கனம் போனால் ஆளுக்கு ஏழடி. அது அறையும் இல்லை, நடையும் இல்லை. அதனால் வாசலைத் தெற்கு எல்லையோடு ஒட்டினோம். தெற்குச் சுவர் ஒன்றுதான் இந்த மனையில் நேரானது. அதற்கு இணையாக எல்லாத் தூண்களையும் நிறுத்தினோம். வாசல் செவ்வகமாக 16க்கு 12. வடக்கே பதினாறடி அகலத்தில் ஒரு கட்டு, அதில் படியும் நடையும். வடக்குச் சுவர் முறிந்து விலகும் இடத்தில் ஆப்பு மாதிரி மிஞ்சுகிற துண்டில் லிஃப்ட், கழிப்பறை, குழாய்கள் இறங்கும் டக்ட், மேலே அட்டாலி. படுக்கிற அறை, உட்கார்ந்து வேலை செய்கிற அறை எதிலும் கோணல் சுவர் வராது. கோணலைத் தாங்குவதெல்லாம் யாரும் அதிக நேரம் நிற்காத இடங்கள்தான்.

இந்த யுக்தி உலகத்துக்குப் பழையது. பாரிஸில் ஓதெல் தெ போவே என்ற மாளிகை இருக்கிறது, 1650களில் அந்த்வான் லெ போத்ர் வடிவமைத்தது. மாணவனாக இருந்தபோது அதன் தரைப்படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மனையின் எல்லை கன்னாபின்னாவென்று ஓடுகிறது. உள்ளே போனால் முற்றம் மட்டும் ஒழுங்கான வடிவத்தில், இருபுறமும் ஒத்திசைவாக நிற்கிறது. முற்றத்துக்கும் எல்லைக்கும் நடுவில் கிடைத்த ஒழுங்கற்ற இடங்களில் படிகளும் சிற்றறைகளும் போயிருக்கின்றன. தெருப்பக்கம் தரைத்தளத்தில் கடைகள். ஒரு பிரபுக் குடும்பம் வாடகைக் கடைகளுக்கு மேலே குடியிருந்திருக்கிறது. பெரிய கடைவீதிக்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள், ஆனால் உண்மை.

வெளிச்சத்தைக் கணக்குப் போட்டுத்தான் 12 அடி என்று வந்தது. கோவை ஏறக்குறைய 11 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. மார்கழியில், டிசம்பர் 21, 22 வாக்கில், நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 55 பாகை உயரத்தில் நிற்கும். 12 அடி அகல வாசலில் அந்த வெயில் எதிர்ச் சுவரில் பதினேழு அடிவரைதான் இறங்கும். கட்டிட உயரம் 33 அடி. அப்படியென்றால் வீட்டுத் தளமும் பட்டறையின் மேல்பாதியும் நேர்வெயில் பார்க்கும், கீழ்க்கடைக்குச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம்தான். அதனால் வாசலின் அந்த வடக்குச் சுவருக்கு வெள்ளைதான் பூச வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதினேன். கண்ணாடி ஓடு, கிளாடிங் எதுவும் அங்கே கூடாது. தெற்குப் பக்கத்து வீடு இப்போது இரண்டே தளம்தான், அதனால் இன்னும் கூடுதலாக வெயில் வரும். ஆனால் அவரும் நாளைக்கு நம் உயரத்துக்குக் கட்டிவிடுவார் என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு.

கோடையில் நிலைமை வேறு. ஏப்ரல் 20ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 23ஐ ஒட்டியும் சூரியன் இங்கே நேர் உச்சியில் வரும். சித்திரை நண்பகலில் வாசல் தரை முழுக்க வெயில்தான். சன்ஷேடு எதுவும் அதைத் தடுக்காது, பந்தல்தான் தடுக்கும். மொட்டை மாடி கைப்பிடிச் சுவரிலேயே கொக்கிகளும் பைப்பும் பதித்துவிட்டோம். சித்திரை வைகாசியில் துணி இழுத்துக் கட்டி, மழைக்காலத்துக்கு முன் கழற்றிவிடலாம். இன்னொன்று, நம் அட்சரேகையில் ஜூன் மாதம் வெயில் வடக்கிலிருந்து வருகிறது. வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு நிழல் வேண்டாம் என்று வெளிநாட்டுப் பாடநூலைப் பார்த்து எழுதுகிறவர்கள் கோவையில் ஒரு ஆனி மாதம் இருந்து பார்க்க வேண்டும்.

காற்று கோவைக்கு வரம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிறது. அம்மியும் பறக்கும் ஆடிக்காற்று இங்கே சும்மா சொன்ன பழமொழி இல்லை. மனையின் அகலமான பக்கம் மேற்கே இருப்பது அதிர்ஷ்டம். தளங்கள் மேலே போகப் போக மேற்கிலிருந்து பின்வாங்குவதால் ஒவ்வொரு தளத்துக்கும் அந்தப் பக்கம் ஒரு திறந்த மாடி. காற்று அங்கே நுழைந்து அறைகளைக் கடந்து வாசல் வழியாக மேலே போய்விடும். இரண்டு பக்கமும் திறப்பு இல்லாத அறைக்குள் கணவாய்க் காற்று வராது, எவ்வளவு பெரிய ஜன்னல் வைத்தாலும் சரி.

இதுவரை சொன்னது வீட்டைப் பற்றி. கலப்புப் பயன்பாட்டுக் கட்டிடத்தில் தலைவலி தருவது பட்டறை. நகைப்பட்டறையில் பற்றவைப்புக்கு எரிவாயு, கழுவுவதற்கு அமிலம், நாள் முழுக்கத் தட்டல், ராவல். அதே வாசலைச் சுற்றி மேலே குழந்தை தூங்க வேண்டும். நைட்ரிக் அமிலத்தில் உலோகம் பட்டால் எழும் பழுப்புப் புகை காற்றைவிடக் கனமானது. அதை முதல் மாடி ஜன்னல் வழியாக வாசலுக்குள் விட்டால் மேலே போகாது. கீழே இறங்கித் தரைத்தளத்தில் தங்கும். சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனம்தான், கசிந்தால் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆக, நான் இவ்வளவு பாடுபட்டு உருவாக்கிய வாசலே இந்த இரண்டுக்கும் ஆபத்தான கிணறாகிவிடக்கூடும். அமிலம் கழுவும் மேடையை மேற்குச் சுவரோரம் கொண்டுபோய், மூடிய டக்டில் விசிறி வைத்து, புகையை மொட்டை மாடிக்கும் மேலே வெளியேற்றுகிறோம். சிலிண்டர்கள் பின்பக்க ஐந்தடித் திறந்த வெளியில், தரைமட்டத்துக்கு மேல் மேடையில், பூட்டிய கம்பி வலைக்குள். அங்கிருந்து பைப்பில்தான் பட்டறைக்கு வாயு வரும். வாசலுக்கும் பட்டறைக்கும் நடுவில் இருப்பது ஜன்னல் மட்டும், கதவு கிடையாது.

தரை பற்றி பட்டறைக்காரர்களே எனக்குப் பாடம் எடுத்தார்கள். பட்டறைக் குப்பையிலும் கழுவுகிற தண்ணீரிலும் தங்கத்தூள் இருக்கிறது. கூட்டிச் சேர்த்து, உருக்கி எடுப்பார்கள். டைல்ஸ் போட்டால் இணைப்பு இணைப்பாகத் தூள் போய் அடைந்துகொள்ளும். இணைப்பே குறைவாக வரும்படி பெரிய பெரிய கிரானைட் பலகை, சுவர் ஓரம் வளைத்துப் பூச்சு. கைகழுவும் தொட்டித் தண்ணீர் நேரே சாக்கடைக்குப் போகாமல் முதலில் ஒரு வண்டல் தொட்டியில் தங்கும். அந்தத் தொட்டிக்குப் பூட்டு, சாவி பெரியவரிடம்.

இறங்குவதற்கு வழிகள் இரண்டு. இதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. முகப்பு 21 அடிதான், அதில் நாலரை அடியை வீட்டுக்கும் பட்டறைக்கும் போகிற நடைக்காக எடுத்துக்கொண்டால் கடைக்குப் பதினைந்து சொச்சம்தான் மிஞ்சும். கடையை வாடகைக்குக் கேட்டு வந்தவருக்கு முகமே சுருங்கிவிட்டது. ஆனால் கடைக்குள் புகுந்து வீட்டுக்குப் போகிற மாதிரி கட்டினால், ராத்திரி ஷட்டர் இறக்கிய பிறகு மேலே உள்ளவர்கள் சிறைப்பட்டுவிடுவார்கள். தேசியக் கட்டிட நெறியும் வீட்டுப் படியையும் மற்றவற்றையும் வேறுபடுத்துகிறது: வீட்டுக்குள் படி உயரம் 190 மி.மீ. வரை, அகலம் 250க்குக் குறையாமல். தொழில் நடக்கும் இடத்துக்கு உயரம் 150, அகலம் 300. பன்னிரண்டடித் தரைத்தளத்துக்கு 150 வீதம் 25 படி. ஒரே ஓட்டமாகப் போட்டால் மனையின் நீளத்தில் கால்பங்கைத் தின்றுவிடும், அதனால் இரண்டாக மடக்கி வடக்குக் கட்டில் வைத்தோம். பட்டறைக்கு மேலே வீட்டுக்குப் போகும் படி தனி. பட்டறையில் தீப்பிடித்தால் வீட்டுக்காரர்கள் அந்தப் புகைக்குள் இறங்கி வரக் கூடாது என்பதால் மேற்கு மாடியிலிருந்து பின்பக்க இரும்புப் படி ஒன்று, பின்வெளியோரமாகத் தெருவுக்குப் போகும் வழிநடைப் பாத்தியத்தில் இறங்குகிறது. வாடகைக்கு வந்தவர் போய்விட்டார். வேறொருவர் வந்தார்.

அஸ்திவாரத்தில்தான் எங்கள் கட்டமைப்புப் பொறியாளருக்கு வேலை. இருபுறமும் பழைய வீடுகள், சுண்ணாம்புக் காரைச் சுவர்கள், ஆழமில்லாத அஸ்திவாரம். ஒரேயடியாகப் பள்ளம் தோண்டினால் பக்கத்துச் சுவர் நம் பள்ளத்துக்குள் வந்துவிடும். துண்டு துண்டாக, ஒன்று விட்டு ஒன்று தோண்டி, கான்கிரீட் போட்டு இறுகிய பிறகு அடுத்ததைத் தொட்டோம். எல்லையோரத் தூணின் ஃபுட்டிங், அதாவது அடியில் விரியும் கான்கிரீட் பாதம், பக்கத்து மனைக்குள் நீளக் கூடாது, எனவே பளு ஒருபக்கமாக விழும். அதைச் சமன்செய்ய உள்பக்க ஃபுட்டிங்கோடு இணைக்கும் ஒரு உத்தரம், ஸ்ட்ராப் பீம், கட்டியிருக்கிறது.

நிலநடுக்கம் பற்றிக் கேட்டால் இங்கே பலர் சிரிப்பார்கள். 1900 பிப்ரவரி 8ஆம் தேதி கோவையில் ரிக்டர் 6 அளவை ஒட்டிய நிலநடுக்கம் வந்தது என்பது நினைவில் இருக்க வேண்டும். இந்திய நிலநடுக்கத் தரநிலையின் 2016 பதிப்பில் கோவை மூன்றாம் மண்டலம். கீழே முழுக்க ஷட்டர், மேலே முழுக்கச் சுவர் என்று கட்டினால் கீழ்த்தளம் பலவீனமாக நிற்கும். 2001 ஜனவரி 26இல் அகமதாபாத்தில் விழுந்த அடுக்குமாடிகளில் பல இப்படிப்பட்டவைதான். கோணல் மனையில் இன்னொரு சிக்கலும் சேரும்: ஒரு பக்கம் விறைப்பு அதிகம், மறுபக்கம் குறைவு என்றால் கட்டிடம் அசையும்போது முறுக்கிக்கொள்ளும். லிஃப்ட்டின் கான்கிரீட் சுவர் வடக்கே விழுந்தது. அதற்கு ஈடாகத் தெற்கு எல்லையில், வாசலின் இரு முனைகளிலும் கான்கிரீட் சுவர்த் துண்டுகள் வைத்தோம். பக்கத்துக் கட்டிடத்தோடு ஒட்டாமல் ஒரு சிறு இடைவெளி விட்டு, மழை இறங்காதபடி தகடு மூடியிருக்கிறது. செலவு கூடியது. வீட்டுக்காரர் முகப்புக் கல் வேலையைக் குறைத்துக்கொண்டு இதற்கு ஒத்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

வாசலைத் தெற்கு எல்லையில் ஒட்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்து வீட்டு வடக்குச் சுவரில் இரண்டு ஜன்னல்கள், அந்த வீட்டுப் பெரியவர் சிறுவனாக இருந்த காலத்திலிருந்தே நம் மனையின் பழைய பொடக்காளியைப் பார்த்துத் திறந்தவை. இருபது வருடம் இடைவிடாமல் அனுபவித்த வெளிச்சத்துக்கு 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. சட்டம் இல்லாவிட்டாலும் ஒருவர் ஜன்னலில் சுவர் எழுப்புவது சரியில்லை. இப்போது அந்த ஜன்னல்கள் நம் வாசலைப் பார்க்கின்றன. நம் பக்கத்து அறைகளின் ஜன்னல்களை அவற்றுக்கு நேரெதிரே வராமல் தள்ளி வைத்தோம்.

நூறு வருடத்துக்கு முன் பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நெரிசலான பழைய தெருக்களை இடித்து அகலச் சாலை போடாதீர்கள் என்று சொன்னார். பாழடைந்த ஓரிரு வீடுகளை மட்டும் எடுத்துவிட்டு, அங்கங்கே சின்னச் சின்ன வெளிகளை உண்டாக்குங்கள், தெருவும் குடிகளும் அப்படியே இருக்கட்டும் என்பது அவர் யோசனை. நம் நகராட்சிகள் அதைச் செய்யவில்லை. ஒவ்வொரு மனைக்காரரும் தன் மனைக்குள் செய்ய முடியும் என்று நான் நம்புகிறேன். விதியே அதற்குத் தடையாக இல்லை என்பதைத்தான் மேலே கணக்கில் காட்டினேன்.

இரண்டாம் மாடி சிலாப் போட்டாகிவிட்டது. சென்ட்ரிங் பிரித்த அன்று தெற்கு வீட்டுப் பெரியவரின் மகன் மேலே ஏறி வந்து வாசலை எட்டிப் பார்த்தார். அவர்களும் அடுத்த வருடம் இடித்துக் கட்டப்போகிறார்களாம். “நாங்களும் இதே எடத்துல, உங்க வாசலை ஒட்டியே ஒண்ணு விட்டா எப்படிங்க இருக்கும்?” என்று கேட்டார். இரண்டு வாசலும் சேர்ந்தால் 24க்கு 16. மார்கழி வெயில் 35 அடி இறங்கும், கடைத் தரைவரை தொடும். நடுவில் உள்ள எல்லைச் சுவரை ஏழடிக்கு மேல் எழுப்புவதில்லை, பின்னால் எந்த வாரிசும் அந்த இடத்தை அடைப்பதில்லை என்று இரு தரப்பும் எழுதிப் பத்திரமாகப் பதிய வேண்டும். இரண்டு வீட்டுக்காரர்களும் ஆவணம் எழுதுபவரைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். நான் 24 அடிக்கான படத்தை வரைய ஆரம்பித்துவிட்டேன்.